இரண்டு இருமல், ஒரு ஏப்பம்

எங்கள் இசைக் குழுவுக்கு ‘ஓட்டை வாளி’ என்று பெயர். மொத்தம் மூன்று பேர். நான் டிரம்ஸ் வாசிக்கிறவள். கிட்டார் வாசிப்பவன் பகலில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன்; மேடையிலும் அரையடி இரும்புக் குழாயைத்தான் கம்பிகளின் மேல் தேய்ப்பான் என்பதால் அவனுக்குப் பிளம்பர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாடுகிறவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண். அவளை நாங்கள் தொண்டை என்று கூப்பிடுவோம். நாங்கள் வாசிப்பது ராக் இசை. “இது பாட்டா, இல்ல பரண்லேர்ந்து பாத்திரம் உருளுதா?” என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும். பொத்திய காதுகளால்தான் என் பிழைப்பே ஓடுகிறது. பகலில் எனக்குக் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை.

எங்கள் ஊரில் மேடையேற வேண்டுமானால் சொல் சீராய்வு அலுவலகத்தின் அட்டை வேண்டும். அட்டையின் பின்பக்கம் மூன்று கட்டங்கள் இருக்கும். மேடையில் ஆகாத சொல் ஒன்று வாயில் வந்துவிட்டால் ஒரு கட்டத்தில் சிவப்பு முத்திரை விழும். மூன்றும் சிவந்தால் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். வாத்தியங்கள் கிடங்குக்குப் போகும். ஆயுசுக்கும் மேடை கிடையாது. எந்தெந்தச் சொல் ஆகாது என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் இருக்கிறது, ஆனால் அதை வெளியிட முடியாது, ஏனென்றால் அந்தப் பட்டியலில் ஆகாத சொற்களாக இருக்கின்றன. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுத்திலேயே அப்படித்தான் பதில் வந்தது.

எங்கள் அட்டையில் ஏற்கெனவே இரண்டு கட்டம் சிவந்திருந்தது. முதலாவது, ‘சேறு’ என்ற சொல்லுக்கு. திங்கட்கிழமை அனுமதித்த சொல்லை வியாழக்கிழமை தடை செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை தொண்டை பாடிவிட்டாள். இரண்டாவது, ‘தேநீர்’ என்ற சொல்லுக்கு. அது பட்டியலிலேயே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அலுவலகப் படிவத்தில் ஏழாவது பத்தி அதற்கென்றே இருக்கிறது: கூட்டம் சிரித்தாலோ, அழுதாலோ, எழுந்தாலோ, முதலில் அப்படிச் செய்தவரிடம் காரணம் கேட்டு எழுத வேண்டும். அன்று முதலில் சிரித்தவர் ஒரு தையல்காரர். “எங்க வீட்டுக் குழாய் ஞாபகம் வந்துச்சுங்க” என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். முத்திரை விழுந்தது.

குழாய்தான் விஷயம். ஊருக்குப் புதுக் குழாய் போட்டு இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து தண்ணீர் பழுப்பாக வருகிறது. பழுப்பு என்று சொல்லக் கூடாது. கலங்கல் என்று சொல்லக் கூடாது. ‘நிறத்தில் தனித்தன்மை கொண்ட நீர்’ என்று வேண்டுமானால் சொல்லலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்துவிட்டுச் சோறு எங்கே என்று கேட்கிறவர்கள்.

எல்லாவற்றையும் நான் கிண்டலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் அக்கா மகள் மஞ்சள் காமாலையில் விழும்வரை. ஏழு வயசுக் குழந்தை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ‘காரணம்: பருவநிலை’ என்று எழுதியிருந்தது. எழுதிய டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. நாலு சுவருக்குள் அடித்து நொறுக்கினால் தீருகிற ஆத்திரம் இல்லை அது. மேடையில்தான் தீரும். மேடையேற அட்டை வேண்டும், அட்டையில் ஒரு கட்டம்தான் பாக்கி.

இதில் இன்னொரு கூத்து. எங்களுக்குச் சிவப்பு முத்திரை வைத்த கை யாருடையது? அக்கா புருஷன், என் அத்தான். அவர்தான் அலுவலகத்தில் எங்கள் வட்டாரத்துக் கேட்பாளர், அதாவது நிகழ்ச்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டு முத்திரை வைக்கிறவர். சொந்தக்காரர் என்றால் சலுகை காட்டமாட்டாரா என்று நான்கூட நினைத்தேன். அலுவலகம் எங்களைவிடக் கெட்டி. சொந்தக்காரன்தான் பயந்துகொண்டு இன்னும் கறாராக இருப்பான் என்று தெரிந்தே போட்டிருக்கிறார்கள். அத்தான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷர். விதிப் புத்தகத்தில் சாப்பிடக் கூடாது என்று இருந்தால் சாப்பிடமாட்டார். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வீட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. “இன்னிக்கு அது எப்படி வந்துது?” என்று கேட்பார். அக்காவும், “அது அது மாதிரியேதான் வந்துது” என்பாள்.

எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் மணி நேரம். அதனால் எல்லார் வீட்டிலும் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். சின்னதாக இரண்டு இருமல், கொஞ்சம் இடைவெளி, ஒரு பெரிய ஏப்பம், பிறகு தடதடவென்று கொட்டும். முதல் அரை நிமிஷம் வருவதைக் கீழே விட்டுவிட வேண்டும், அது சேறேதான். அதற்குப் பிறகு வருகிற பழுப்பைப் பிடித்து, நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும்.

அந்த இருமல் என் கடையில்தான் எனக்கு உறைத்தது. ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார், முன்பு தபால் கொடுத்தவர். வலது காது சுத்தம், இடது காது அதற்கும் சுத்தம். கருவியைப் பொருத்துவதற்கு முன் சோதனைக்காக மேஜையைத் தட்டினேன். கத்தினேன். மனுஷர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடையின் பின்பக்கக் குழாய் இருமியது. சட்டென்று எழுந்துவிட்டார்.

“எங்க போறீங்க?”

“தண்ணி வந்துடுச்சே!” என்றார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அன்று சாயங்காலம் பிளம்பரிடமும் தொண்டையிடமும் சொன்னேன். “சொல்லே வேண்டாம்டா. ஒரு சொல்கூட வேண்டாம்.”

பிளம்பருக்கு உடனே புரிந்துவிட்டது. குழாய் இருமுவது ஏன் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தான்: உள்ளே காற்று மாட்டிக்கொள்கிறதாம், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளுகிறதாம், வழி கிடைக்காமல் திணறுகிறதாம். “நம்மள மாதிரியே” என்றாள் தொண்டை. அவளை அடக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். மூன்று வாரம் ஆயிற்று. பிளம்பர் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக் குழாயால் தட்டினான். சின்ன இருமல் கிடைத்தது. ஏப்பம்தான் வரவில்லை. நான் பெரிய டிரம்மின் தோலைத் தளர்த்தி அதற்குள் ஈரத் துணியைத் திணித்தேன். தொண்டை மைக்கை விழுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளினாள். பேருந்து நிலையத்தில் ‘பயணிகள் கவனத்திற்கு’ என்று தேனாகச் சொல்லுகிற வாய் அது. அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, குழாய் இருமும்போது இடைவெளியை நான் எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தேன். முதல் இருமலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மூன்று எண்ணிக்கை. பிறகு ஐந்து. ஐந்தாவதில் ஏப்பம். ஒரு எண்ணிக்கை பிசகினாலும் அது வெறும் சத்தம்தான், யாரும் அசையமாட்டார்கள்.

“எல்லாம் சரி, கூட்டம் எந்திரிக்கும். அப்புறம்?” என்றாள் தொண்டை. “ஏழாவது பத்தி இருக்குல்ல? முதல்ல எந்திரிச்சவரு மறுபடியும் குழாய், தண்ணின்னு வாயை விட்டா நம்ம கதை முடிஞ்சுது.”

அதற்குத்தான் பிளம்பர் ஒரு செய்தி வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை அலுவலகத்தின் தலைமை அதிகாரியே வந்து, கேட்பாளர் சரியாகக் கேட்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். இந்த வருஷம் அத்தானின் முறை, அது எங்கள் நிகழ்ச்சியன்று.

“அந்த ஆளு வீட்டுல நான் வேலை பார்த்திருக்கேன்” என்றான் பிளம்பர். “நாலாவது மாடி. தனி ஆளு. தண்ணி ஏறி வர்றதே ஆறு நிமிஷம்தான். நான் குழாய் மாட்டிகிட்டிருக்கேன், இருமிச்சு. மனுஷன் அரைச் சவரத்தோட, முகத்துல நுரையோட ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டுட்டு வாளியை வெச்சாரு. ஊர்ல அவரைவிட வேகமா எந்திரிக்கிற ஆளு கிடையாது.”

நான் யோசித்தேன். முதலில் எழுகிறவர் அவராக இருந்தால், காரணம் கேட்க வேண்டியது அவரிடம். கேட்க வேண்டியவர் அத்தான். சொந்த மேலதிகாரியிடம், முந்நூறு பேர் முன்னால், அத்தான் கேட்பாரா? எங்கள் அட்டை, என் டிரம்ஸ், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

“கேட்பாரு” என்றேன். “விதின்னா அவரு கேட்பாரு.” எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

விதிப்படி பத்து நாளுக்கு முன் பாட்டுத் தாளை அனுப்பினோம். முதல் இரண்டு பாட்டுகளுக்கு வரிகள் இருந்தன, பூச்சியைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும். மூன்றாவது தாள் வெறும் வெள்ளை. மேலே ‘இரண்டு இருமல், ஒரு ஏப்பம்’ என்று தலைப்பு மட்டும். இருமலும் ஏப்பமும் பட்டியலில் இல்லை போலிருக்கிறது. வெள்ளைத் தாளின் நட்டநடுவில் ‘ஆட்சேபம் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

அன்று நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் அந்தத் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல அத்தான். வெள்ளைத் தாள்.”

“உன்னை எனக்குப் பதினாறு வருஷமா தெரியும். நீ சும்மா இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு.” தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “மூணாவது கட்டத்துல முத்திரை வைக்கிறது என் கையா இருக்கக் கூடாதுன்னு பார்க்கிறேன்.”

“அப்ப வைக்காதீங்க.”

“காதுல விழுந்தா வைப்பேன்மா.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நம்ம வீட்டுல என்ன கத்தினாலும் காதுல விழாது. ஊர்ல கொசு பாடினாக்கூட இவருக்குக் கேட்கும்.” அத்தான் விதிப் புத்தகத்தை எடுத்தார். சுவரோரம் பாயில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகளைத் தாண்டித்தான் அந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும். அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டுத்தான் எடுத்தார். அதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. அரங்கம் நிறைந்துவிட்டது. எங்கள் இசைக்காக வந்தவர்கள் பாதிப் பேர், நாங்கள் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். தையல்காரரும் வந்திருந்தார், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. முன்வரிசை நடுவில் தலைமை அதிகாரி, மொட்டு மாதிரி இறுக்கமான முகம், மடியில் தோல்பை. பக்கத்தில் அத்தான், மடியில் படிவம், கையில் பேனா, காலடியில் முத்திரைப் பெட்டி.

பூச்சிப் பாட்டு முடிந்தது. நாற்காலிப் பாட்டு முடிந்தது. அத்தான் ஒவ்வொரு வரிக்கும் டிக் அடித்தார். தலைமை அதிகாரி கொட்டாவி விட்டார். நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடையில் துடைத்துக்கொண்டேன். வியர்வைதான், வேறொன்றும் இல்லை. தொண்டை மைக்கில் பேருந்து நிலையக் குரலில் சொன்னாள்: “அடுத்த பாட்டு. இதுல சொல் கிடையாது. யாரும் தேட வேண்டாம்.”

விளக்கு குறைந்தது. நான் குச்சிகளை எடுத்துக்கொண்டேன். நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருபது எண்ணினோம். அரங்கம் அடங்கியது.

பிளம்பர் கம்பியைத் தட்டினான். முதல் இருமல்.

பேச்சு நின்றது. பின்வரிசையில் ஒரு தலை திரும்பியது. மூன்று எண்ணினேன். இரண்டாவது இருமல். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது மேடையிலிருந்தே தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குச்சிகளை ஓங்கினேன். ஐந்து.

நான் டிரம்மில் இறங்கினேன், தொண்டை அடிவயிற்றிலிருந்து விட்டாள். ஏப்பம் அரங்கத்தின் சுவர்களில் மோதியது.

முதலில் எழுந்தவர் தலைமை அதிகாரி. எழுந்தார் என்று சொல்ல முடியாது, துள்ளினார். தோல்பையை வாளி மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் தடதடத்தன. நாலைந்து பேர் வாசல்வரை ஓடியே போய்விட்டார்கள். நாங்கள் பட்டென்று நிறுத்தினோம். குச்சியைக்கூட அசைக்காமல் கூட்டத்தைப் பார்த்தோம். கூட்டம் எங்களைப் பார்த்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஏன் எழுந்தோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு குலுங்கல், பிறகு அரங்கமே சிரித்தது. தையல்காரர் கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அத்தான்.

தலைமை அதிகாரிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. பையை மெல்ல இறக்கினார். குனிந்து அத்தானிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். மேடை மைக்குகள் திறந்தே இருந்தன, முன்வரிசை பேச்சும் அரங்கம் முழுக்கக் கேட்டது.

“சிவப்பு வைங்க.”

அத்தான் எழுந்து நின்றார். முத்திரைப் பெட்டியைத் திறக்கவில்லை. தாளைப் பார்த்தார், மேடையில் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கேளுங்கள் அத்தான், கேட்டுவிடுங்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“எந்தச் சொல்லுக்கு சார்?”

“என்னய்யா?”

“தாள்ல சொல்லே இல்ல சார். பாட்டுலயும் கேட்கல. கூட்டம் எழுந்ததுக்குன்னா ஏழாவது பத்தி நிரப்பணும். முதல்ல எழுந்தவர்கிட்ட காரணம் கேட்டு எழுதணும்.” பேனாவின் மூடியைக் கழற்றினார். “முதல்ல எழுந்தது நீங்க சார்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. தலைமை அதிகாரியின் காது மடல்கள் சிவந்தன.

“விளையாடுறியா?”

“விதி சார். என்ன ஞாபகம் வந்து எழுந்தீங்க?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். குழாய் என்று சொன்னால் குழாய் இருமுகிறது என்று ஆகும். தண்ணீர் என்று சொன்னால் எந்தத் தண்ணீர் என்று அத்தான் கேட்பார், எட்டாவது பத்தியில் அது இருக்கிறது. எங்கள் ஊரில் வாயடைத்துப் போவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பரிதாபமாகவே இல்லை.

“மரியாதைக்கு” என்றார் கடைசியில்.

“யாருக்கு மரியாதை சார்?”

“இசைக்கு!” என்று கத்தினார். கத்தியது போதாதென்று நினைத்தாரோ என்னவோ, பையை நாற்காலியில் போட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். ஒற்றை ஆளாக, டப் டப் என்று. பிறகு தையல்காரர். பிறகு அரங்கம். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி தட்டினார்கள். அத்தான் அந்தச் சத்தத்துக்கு நடுவில் குனிந்து, நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார்: ‘தலைமை அதிகாரி இசையின் மேல் கொண்ட மரியாதையால் முதலில் எழுந்தார். கூட்டம் அவரைப் பின்பற்றியது.’ அவரிடமே நீட்டிக் கையெழுத்தும் வாங்கினார்.

நாங்கள் அந்தப் பாட்டை மறுபடியும் வாசித்தோம். மறுபடியும் எழுந்தார்கள். இந்தத் தடவை வேண்டுமென்றே எழுந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து அத்தான் மேடைக்குப் பின்னால் வந்து அட்டையைக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

“எல்லாரும் எழுந்தாங்களே, நீங்க ஏன் அத்தான் எழுந்திருக்கல?”

“எதுக்கு எழணும்?” என்றார் நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் காலை இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வீட்டுலயும் அப்படித்தான்” என்றாள். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு நாள் வாளி தூக்கினதில்ல. அவருக்கு அந்தச் சத்தமே தெரியாது.” அத்தான் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். குழந்தை படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அப்போது அடுப்படிக் குழாய் இருமியது. நான் எழப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது இருமல். நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஐந்தாவதில் ஏப்பம் வந்தது. யாரும் அசையவில்லை. குழந்தை அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

அத்தான் எழுந்தார். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வாளி எங்கே இருக்கிறது என்று தேடி, கண்டுபிடித்து, குழாயின் கீழ் வைத்தார். தடதடவென்று விழுந்தது. அவர் குனிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழுப்பா இருக்கே” என்றார்.

“முதல்ல வர்றதைக் கீழ ஊத்துங்க” என்றாள் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே. “அரை நிமிஷம் கழிச்சுப் பிடிங்க.”